ஊவாவின் கடல்வாசல்: மட்டக்களப்புக் கோட்டை

 

ஸ்பிரிங்வெளியில் நின்றால் நமுனுகுல தெரியும், தேயிலை தெரியும், கடல் தெரியாது. இந்த மலையில் வந்து கடற்கோட்டை ஒன்றைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்வி. விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்பு வாவிக்கரையில் நிற்கும் அந்தக் கோட்டை இந்த மலைநாட்டைப் பூட்டி வைப்பதற்காகவே கட்டப்பட்டது. அது எழுந்தபோதும் கைமாறியபோதும் தொடங்கிய காரியங்கள்தான், ஒன்றையொன்று தொட்டு வளர்ந்து, கடைசியில் இங்கே காட்டை வெட்டிக் கோப்பி நட வைத்தன. கோப்பி பட்டுப்போன பிறகு தேயிலை நட வைத்தன. நம் முன்னோரை இந்தச் சரிவுகளில் கொண்டுவந்து சேர்த்தன. நம் கதையின் முதல் அத்தியாயங்களில் ஒன்று அந்தக் கோட்டைச் சுவருக்குள் இருக்கிறது.

பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, பிபிலை, மகா ஓயா என்று இறங்கிச் செங்கலடியில் முடியும் ஏ5 பெருந்தெருவை நீங்கள் அறிவீர்கள். அங்கிருந்து சிறிது தூரத்தில் மட்டக்களப்பு நகரம். மொத்தம் 150 கிலோமீட்டருக்குச் சற்று மேல். தேயிலைச் சரிவு முடிந்து, வெல்லச தாழ்நிலக் காடு வந்து, பிறகு வயல்வெளி விரிந்து, உப்புக்காற்று முகத்தில் அடிக்கும்வரை அந்த வழி போகிறது. மலைக்கும் கிழக்குக் கரைக்கும் இடையிலான போக்குவரத்து பஸ் வருவதற்கும், தார் போடுவதற்கும், வெள்ளைக்காரன் வருவதற்கும் முந்தியது.

உப்பு ஏறிய வழி

1815க்கு முன் இந்த மலைகள் கண்டி இராச்சியத்தைச் சேர்ந்தவை. ஊவா அதன் ஒரு திசாவனி, அதாவது மாகாணம். கண்டி அரசுக்கு அரணாக மலை இருந்தது, காடு இருந்தது, ஒற்றையடிப் பாதைகளில் பதுங்கிப் போரிடத் தெரிந்த குடிகள் இருந்தார்கள். உப்பு மட்டும் இல்லை. உப்பும் கருவாடும் கரையிலிருந்து ஏறி வர வேண்டும். பாக்கும் தேன்மெழுகும் மலையிலிருந்து இறங்க வேண்டும். பொதிமாடுகளின் முதுகில் இந்த வணிகம் நடந்தது. கிழக்குக் கரையின் முஸ்லிம் வணிகர்கள் இதில் முன்நின்றார்கள். போர்த்துக்கேயர் தம் ஆட்சிப்பகுதியிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது, 1626 அளவில் கண்டி மன்னர் செனரத் அவர்களில் பலரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினார். நாலாயிரம் பேர் என்று சொல்லப்படுகிறது.

மேற்குக் கரை போர்த்துக்கேயர் கைக்குப் போன பிறகு மலைநாட்டுக்கு மிஞ்சிய கடல்வாசல்கள் கிழக்கில்தான் இருந்தன: திருகோணமலை, கொட்டியாரம், மட்டக்களப்பு. வெளியுலகத் தூதர்களும் அந்த வழியாகவே வந்தார்கள். 1602 மே மாத இறுதியில் யோரிஸ் வான் ஸ்பில்பெர்கன் என்ற ஒல்லாந்தக் கப்பற்படைத் தளபதி மட்டக்களப்பில் இறங்கினார். விந்தனை வழியாகக் கண்டிக்குப் போய் மன்னர் விமலதர்மசூரியனைச் சந்தித்தார். போர்த்துக்கேயருக்கு எதிராக ஒல்லாந்தரைத் துணைக்கு அழைக்கலாம் என்ற எண்ணம் கண்டி அரண்மனையில் அப்போதுதான் வேரூன்றியது.

1620இல் டென்மார்க்கிலிருந்தும் கப்பல்கள் வந்தன. ஓவே கெட்டே என்பவர் தலைமையில் வந்த டேனியர்கள் செனரத் மன்னருடன் பேசினார்கள். அந்தப் பேச்சு நிலைக்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் அவர்கள் தஞ்சாவூர் மன்னர் இரகுநாத நாயக்கரிடம் இடம் பெற்றுத் தரங்கம்பாடியில் கோட்டை எழுப்பினார்கள். தஞ்சைக் கடற்கரையில் இன்றும் நிற்கும் டேன்ஸ்போர்க் கோட்டைக்கு இலங்கைக் கிழக்குக் கரையில் கைகூடாத ஓர் உடன்பாடு முன்கதையாக இருக்கிறது. அந்தக் கோட்டையைப் பற்றிப் பிறகு இன்னொரு காரணத்துக்காகப் பேசுவேன்.

பூட்டு விழுந்தது

கிழக்கு வாசல்களை அடைத்துவிட்டால் கண்டி மூச்சுத் திணறும் என்று கணக்குப் போட்டவர் கொன்ஸ்தந்தீனு டி சா. இலங்கையில் போர்த்துக்கேயரின் கப்டன் ஜெனரல். 1624இல் திருகோணமலையில் கோட்டை கட்டினார். இடிக்கப்பட்ட கோணேசர் கோயிலின் கற்கள் அந்தச் சுவர்களுக்குப் போயின. கோயிற் கல்வெட்டு ஒன்றின் துண்டை இன்றும் அந்தக் கோட்டை வாயிலில் பார்க்கலாம். 1628இல் மட்டக்களப்பில், வாவிக்கு நடுவே இருக்கும் புளியந்தீவில் அடுத்த கோட்டை எழுந்தது.

இரண்டு வாசலும் அடைபட்டதும் டி சாவின் பார்வை மலைப்பக்கம் திரும்பியது. 1630இல் படையோடு ஊவாவுக்குள் ஏறினார். பதுளை நகரம் தீக்கிரையானது. நாம் கடைத்தெருவுக்குப் போய்வருகிற, ஆஸ்பத்திரிக்கும் கச்சேரிக்கும் அலைகிற இதே பதுளைதான். எரித்துவிட்டு அவர் திரும்பி இறங்கியபோது கண்டிப் படை வழிமறித்தது. அவரிடம் பெருந்தொகையாக இருந்தவர்கள் லஸ்கரின்கள், அதாவது போர்த்துக்கேயச் சம்பளத்தில் இருந்த சிங்களப் போர்வீரர்கள். அவர்களுடைய தலைவர்கள் முன்கூட்டியே கண்டியோடு பேசி வைத்திருந்தார்கள். சண்டை தொடங்கியதும் அவர்கள் அணிமாறினார்கள். மழை கொட்டியது, துப்பாக்கித் திரி நனைந்தது. வெல்லவாய்க்கு அருகே ரந்தெனிவல என்ற இடத்தில், 1630 ஆகஸ்ட் மாதத்தில், டி சா தம் படையோடு அழிந்தார்.

மாணவர்களே, இதை ஒரு கணம் நிறுத்திப் பாருங்கள். திருகோணமலைக் கோட்டையையும் மட்டக்களப்புக் கோட்டையையும் கட்டிய மனிதர் இறந்தது நம் ஊவா மண்ணில். கடற்கரையில் அவர் போட்ட பூட்டுக்கு மலை தந்த பதில் அது. பாடப்புத்தகத்தில் இந்தப் போர் ஒன்றிரண்டு வரியோடு போய்விடுகிறது. வெல்லவாய்க்குப் பஸ்ஸில் போகும்போது எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று இனி உங்களுக்குத் தெரியும்.

ஒரு வாசகம் விடுபட்ட ஒப்பந்தம்

டி சா மாண்டாலும் மட்டக்களப்புக் கோட்டை போர்த்துக்கேயரிடமே இருந்தது. செனரத்துக்குப் பின் வந்த இரண்டாம் இராஜசிங்கன் அதை மீட்க ஒல்லாந்தரை அழைத்தார். 1638 மார்ச் மாதம் கன்னொறுவையில் இன்னொரு போர்த்துக்கேயப் படையை அவர் முறியடித்தார். மே மாதம் ஒல்லாந்தத் தளபதி ஆடம் வெஸ்டர்வோல்ட் கப்பல்களோடு வந்தார். மன்னர் தம் ஆட்களோடு மலையிலிருந்து இறங்கினார். பீரங்கி முழங்கியது. மே 18ஆம் திகதி கோட்டை விழுந்தது. ஒல்லாந்தர் இலங்கையில் பிடித்த முதல் கோட்டை அதுதான்.

கோட்டை விழுந்து ஐந்தாம் நாள், மே 23ஆம் திகதி, மட்டக்களப்பிலேயே மன்னரும் வெஸ்டர்வோல்ட்டும் ஓர் ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டார்கள். போருக்கு ஆகும் செலவை மன்னர் ஏற்க வேண்டும். கறுவா முதலிய பொருள்களின் வணிகம் ஒல்லாந்தருக்கு. மீட்கப்படும் கோட்டைகளில் ஒல்லாந்தக் காவற்படை நிற்கும். மன்னர் விரும்பினால் மட்டுமே நிற்கும் என்ற நிபந்தனை மன்னரிடம் இருந்த படியில் இருந்தது. ஒல்லாந்தர் தம் கையில் வைத்திருந்த படியில் அந்த வாசகம் இல்லை.

அந்த ஒரு வாசகம் இல்லாததால் அடுத்த 20 ஆண்டுகள் சண்டையாகவே கழிந்தன. 1639இல் திருகோணமலை, 1640இல் காலி என்று கோட்டைகள் விழ விழ, உள்ளே நுழைந்த ஒல்லாந்தர் வெளியேற மறுத்தார்கள். காலியைப் பிடித்த தளபதி வில்லெம் கோஸ்டர் 1640 ஆகஸ்ட் மாதம் கண்டி அரண்மனையில் மன்னரோடு மனம் கசந்து, மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் நில்கலையில் கொல்லப்பட்டார். நில்கலை பிபிலைக்கு அப்பால், இன்றைய மொனராகலை மாவட்டத்தில் இருக்கிறது. மறுபடியும் ஊவா.

பீரங்கியால் ஒரு கோட்டையை மீட்டவர் காகிதத்தால் கரை முழுவதையும் இழந்தார். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. காகிதம் ஒன்றில் ஒரு வரி இருப்பதும் இல்லாமற் போவதும் மனிதனை என்ன செய்யும் என்பதை இந்த மண்டபத்தில் இருப்பவர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது நம் பாட்டன் பாட்டிமார் ஓர் இரவில் நாடற்றவர்களானார்கள். 1964இல் இரு பிரதமர்கள் ஒப்பமிட்டபோது ஐந்து இலட்சத்து இருபத்தைந்தாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரிக்கப்பட்டது. பிரிக்கப்பட்டவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கப்படவில்லை.

கரையிலிருந்து மலைக்கு

ஒல்லாந்தர் மட்டக்களப்பைச் சில காலம் கைவிட்டு, 1660களில் மீண்டும் வந்து நிலைகொண்டார்கள். இப்போது நாம் காணும் கோட்டையின் வடிவம் பெரும்பாலும் அவர்கள் தந்தது. 1766இல் கண்டி மன்னர் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கனோடு போரிட்டு அவர்கள் எழுதி வாங்கிய ஒப்பந்தம் தீவின் கடற்கரை முழுவதையும் அவர்களுக்கு உரியதாக்கியது. தன் நாட்டு உப்பளத்தில் உப்பு எடுத்துக்கொள்ளும் சலுகை கண்டிக்கு விடப்பட்டது. ஒரு மன்னன் உப்புக்கு அனுமதி பெறும் நிலை அது.

1795இல் பிரித்தானியர் மட்டக்களப்பைப் பிடித்தார்கள். மலையைப் பூட்டி வைத்த கோட்டையை அவர்கள் மலைக்கு ஏறும் படியாக மாற்றிக்கொண்டார்கள். 1804இல் கப்டன் ஜோன்ஸ்டன் ஏறத்தாழ 300 பேருடன் மட்டக்களப்பிலிருந்து புறப்பட்டுக் கண்டிவரை போய், சண்டையிட்டுக்கொண்டே திருகோணமலைக்கு இறங்கினார். 1815இல் கண்டியை முற்றுகையிடப் பல திசைகளிலிருந்து புறப்பட்ட படைப்பிரிவுகளில் ஒன்றும் மட்டக்களப்பிலிருந்து வந்தது. அந்த ஆண்டு மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தம் கையெழுத்தானது.

இரண்டே ஆண்டில் ஊவா எழுந்தது. பதுளையில் இருந்த பிரித்தானிய அதிகாரி வில்சன் 1817இல் கொல்லப்பட்டார். அடக்க அனுப்பப்பட்ட ஊவாத் திசாவை கெப்பெட்டிபொல கிளர்ச்சியாளரோடு சேர்ந்தார்; 1818 நவம்பர் 26ஆம் திகதி கண்டியில் தலை வெட்டப்பட்டார். வயல்கள் எரிக்கப்பட்டன, மாடுகள் கொல்லப்பட்டன, பழமரங்கள் வெட்டப்பட்டன. ஊர்கள் வெறிச்சோடின. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், பத்திரம் காட்ட முடியாத நிலங்களை அரசுக்கு உரியதாக்கியது. சிங்களக் கிராமத்தவருக்கும் அங்கே வினையாக வந்தது காகிதம்தான். அந்த நிலங்கள் கோப்பித் தோட்டங்களாயின. அந்தத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியில் நடந்து, வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியெல்லாம் உறவுகளைப் புதைத்துவிட்டு நம் முன்னோர் ஏறி வந்தார்கள்.

மட்டக்களப்பில் பூட்டு விழுந்தது 1628இல். அதன் கடைசிப் பலனை நம் வீட்டு வாசலில் வந்து இறக்கி வைத்தது இந்த வரலாறு. இதனால்தான் அந்தக் கோட்டை நமக்கும் உரியது என்கிறேன். அதோடு, நம் லயங்களைச் சுற்றியிருக்கும் சிங்களக் கிராமத்தவரின் இழப்பும் நம் முன்னோரின் இழப்பும் ஒரே கயிற்றின் இரு முனைகள் என்பதையும் இந்த வரலாறு சொல்கிறது.

கோட்டைக்குள் கச்சேரி

இனிக் கோட்டையைப் பார்ப்போம். பெரிதல்ல. காலிக் கோட்டைக்குள் ஓர் ஊரே இருக்கிறது. மட்டக்களப்புக் கோட்டையைச் சுற்றி வரச் சில நிமிடம் போதும். நாற்சதுரம், மூலைக்கொன்றாக நான்கு கொத்தளம். இரு பக்கம் வாவி. மற்ற இரு பக்கம் அகழி. வாசலுக்கு மேலே வி, ஓ, சி என்ற மூன்று எழுத்துகளைப் பின்னிய முத்திரை. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் அடையாளம் அது. உள்ளே தடித்த சுவரும் உயர்ந்த சாளரமும் கொண்ட பழைய கட்டடங்கள். மதிலின் மேல் ஏறி நின்றால் கீழே வாவி, தோணியில் நின்று வலை வீசுகிறவர்கள், அப்பால் தென்னை.

இந்தக் கோட்டையின் நவீன காலக் கதை தனித்தன்மை உள்ளது. பிரித்தானியர் காலம் தொட்டு இங்கே அரசாங்க அதிபரின் கச்சேரி நடந்தது. நாடு சுதந்திரம் பெற்ற பிறகும் பல தலைமுறைகளுக்குக் கச்சேரி அங்கேயே இருந்தது. பீரங்கி நின்ற கொத்தளத்துக்குப் பக்கத்தில் காணிப் பகுதி, கணக்குப் பகுதி. வெடிமருந்து காத்த சுவருக்குள் கோவைக்கட்டுகள். காணி உறுதிக்கும், ஓய்வூதியத்துக்கும், வெள்ள நிவாரணத்துக்கும் வந்த ஒரு மாவட்டத்து மக்கள் அகழியைக் கடந்து அந்த வாசலில் நுழைந்தார்கள். 1978 நவம்பர்ச் சூறாவளிக்குப் பிறகும், 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பிறகும், நீண்ட போர்க்காலத்திலும் அந்த மாவட்டத்தின் துயரம் எல்லாம் மனுவாக எழுதப்பட்டு அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே போனது. 1958இலும் 1977இலும் 1983இலும் வன்செயலுக்கு அஞ்சி மலையிலிருந்து கிழக்குக்கு ஓடிய நம் ஆட்களும் பங்கீட்டு அட்டைக்கும் காணித்துண்டுக்கும் கச்சேரி வாசலில்தான் நிற்க வேண்டியிருந்தது.

மக்களை வெளியே வைக்கக் கட்டிய சுவருக்குள் மக்கள் உரிமையோடு நுழைந்து, நாற்காலியில் அமர்ந்து, தங்கள் பெயரைச் சொல்லி விண்ணப்பம் கொடுத்தார்கள். உள்ளே இருந்த அதிகாரி எப்படி நடந்துகொண்டார், எத்தனை முறை அலையவிட்டார் என்பது வேறு விடயம். வாசல் திறந்திருந்தது. அந்தக் கோட்டையின் நானூறு ஆண்டு வாழ்வில் அதற்குக் கிடைத்த மிகப் பெரிய மரியாதை அதுதான் என்று நான் கருதுகிறேன்.

அண்மைக் காலத்தில் நகருக்கு வெளியே திராய்மடுவில் புதிய மாவட்டச் செயலகக் கட்டடம் எழுந்திருக்கிறது. ஆகவே கோட்டை இனி எதற்கு என்ற கேள்வி இப்போது எழுந்தே தீர வேண்டும்.

மற்றக் கோட்டைகள் போன வழி

பதில் தேடு முன் மற்றக் கோட்டைகள் எந்த வழி போயின என்று பார்க்கலாம்.

நீர்கொழும்பிலும் தங்காலையிலும் கோட்டை சிறைச்சாலையானது. ஊர்காவற்றுறைக் கடலில் நிற்கும் ஹம்மன்ஹீல் கோட்டையும் ஒரு காலத்தில் சிறையாக இருந்தது. இப்போது கடற்படை நடத்தும் விடுதி. காசுள்ளவர் இரவு தங்கலாம். திருகோணமலைக் கோட்டையில் இராணுவம் இருக்கிறது. ஆனாலும் கோணேசர் பக்தர்கள் அந்த வாசல் வழியாகவே நடந்து மலையுச்சிக் கோயிலுக்குப் போகிறார்கள். பக்தி திறந்து வைத்த வாசல் அது.

யாழ்ப்பாணக் கோட்டை ஐங்கோண வடிவில் ஆசியாவின் சிறந்த கோட்டைகளில் ஒன்றாகப் பேசப்பட்டது. 1990இல் அதைச் சுற்றி நடந்த முற்றுகையிலும் பின்னர் வந்த சண்டைகளிலும் உள்ளேயிருந்த ஒல்லாந்தத் தேவாலயம் மண்ணோடு மண்ணானது. போருக்குப் பிறகு நெதர்லாந்து உதவியோடு மதில் சீரமைக்கப்பட்டது. மாலையானால் குடும்பங்கள் மதிலின் மேல் ஏறிக் காற்று வாங்குகின்றன.

காலிக் கோட்டை 1988இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. வீடு, பள்ளிவாசல், நீதிமன்றம் எல்லாம் உள்ளே உள்ள உயிருள்ள ஊர் அது. ஆழிப்பேரலை வந்த நாளில் அந்த மதில் உள்ளே இருந்தவர்களைக் காத்தது. ஆனால் உலகப் புகழ் வந்த பிறகு வீட்டு விலை ஏறியது, வீடுகள் விடுதிகளாயின, தலைமுறையாக இருந்த குடும்பங்கள் பல விற்றுவிட்டு வெளியேறின. கல் பிழைத்தது, குடி பெயர்ந்தது. பாதுகாப்பு என்பதற்கு அது முழுப் பொருள் ஆகாது.

தரங்கம்பாடியைப் பற்றிப் பிறகு பேசுவேன் என்றேன். 1845இல் டேனியர் அந்த ஊரை ஆங்கிலேயருக்கு விற்றார்கள். டேன்ஸ்போர்க் கோட்டை அதிகாரிகள் தங்கும் பயணியர் விடுதியானது. 1978இல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை அதைப் பொறுப்பேற்று அருங்காட்சியகம் ஆக்கியது. பள்ளிப் பிள்ளைகள் சிறு கட்டணம் கொடுத்து உள்ளே போகிறார்கள். அந்த ஊர் மீனவர் வலை உலர்த்தும் கரையும் கோட்டையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. மட்டக்களப்புக்கு நான் விரும்புவது இந்த வழியை.

கேட்க வேண்டியவை

மட்டக்களப்புக் கோட்டை நட்சத்திர விடுதியாகக் கூடாது. இதை உரத்துச் சொல்ல வேண்டும். சுற்றுலா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கச்சேரிக்கு வந்த ஏழை மனிதன் நுழைந்த வாசலில் இனி அறை வாடகை கொடுப்பவர் மட்டும் நுழையும் நிலை வரக்கூடாது என்கிறேன்.

அது கிழக்கின் அருங்காட்சியகமாகவும் ஆவணக் காப்பகமாகவும் ஆக வேண்டும். தமிழர், முஸ்லிம்கள், கரையோர வேடர், பறங்கியர் எல்லோருக்கும் அங்கே இடம் வேண்டும். மட்டக்களப்புப் பறங்கியரை இங்கே பலர் அறியமாட்டார்கள். போர்த்துக்கேயம் கலந்த தனி மொழியை வீட்டில் பேசிவந்த சிறிய சமூகம். இரும்பு வேலையிலும் தச்சு வேலையிலும் பேர் பெற்றவர்கள். அவர்கள் நெருக்கமாக வாழ்ந்த டச்பார் கரையை 2004இல் அலை அள்ளிக்கொண்டு போனது. கோட்டை கட்டியவர்கள் போய்விட்டார்கள். அவர்கள் வழிவந்த எளிய மக்கள் இந்த நாட்டிலேயே உழைத்து வாழ்ந்து இந்த மண்ணின் துயரத்தையும் பங்கிட்டுக்கொண்டார்கள். அந்த மொழியைப் பதிவுசெய்து வைக்கக் கோட்டையை விடப் பொருத்தமான இடம் ஏது?

அங்கே ஊவாவுக்கும் ஓர் அறை வேண்டும். ரந்தெனிவலயும் நில்கலையும், பொதிமாடு நடந்த வழியும், உப்பும் பாக்கும், 1818உம், அதற்குப் பின் வந்த தோட்டங்களும் அந்த அறையில் சொல்லப்பட வேண்டும்.

கட்டடத்தைப் பேணும் முறையிலும் கவனம் வேண்டும். உப்புக்காற்றில் நிற்கும் பழைய சுவர் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. சுண்ணாம்பு ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும். அதன்மேல் சீமெந்து பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும். உப்பு கல்லுக்குள் பளிங்காக இறுகிக் கல்லைப் பொடியாக்கும். வெளியே பளிச்சென்று தெரியும், உள்ளே சுவர் செத்துக்கொண்டிருக்கும். மதில் இடுக்கில் விழுந்த ஓர் ஆலம் விதையும் அப்படித்தான். முளையில் கிள்ளினால் ஒரு பிள்ளையின் கை போதும், வேர்விட்ட பிறகு பிடுங்கினால் மதிலே பெயர்ந்து வரும். அவசரக்காரர் கையில் கொடுக்காமல், சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தனாரிடம் கொடுக்க வேண்டும்.

நம் பங்கு

கடைசியாக நம் வீட்டுக் காரியம். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டம் இந்த நாட்டில் பழம்பொருள் என்பதற்கு ஒரு நாளைக் குறித்து வைத்திருக்கிறது. 1815 மார்ச் 2. கண்டி ஒப்பந்தம் கையெழுத்தான அதே நாள். அதற்கு முந்தியவை பழம்பொருள். அதற்குப் பிந்தியவற்றைக் காக்க வேண்டுமானால் வர்த்தமானியில் தனியாக அறிவிக்க வேண்டும்.

இதன் பொருளை யோசியுங்கள். மட்டக்களப்புக் கோட்டை அந்த நாளுக்கு முந்தியது. நம் வரலாறு முழுவதும் அந்த நாளுக்குப் பிந்தியது. முதற் கோப்பித் தோட்டம், முதல் லயம், பழைய ஸ்டோர், கங்காணி கட்டிய மாரியம்மன் கோயில், பிள்ளைக் காம்பிரா எதுவும் தானாகச் சட்டத்தின் காவலுக்குள் வராது. கேட்டால்தான் வரும். கேட்பதற்கு ஆள் வேண்டும், பட்டியல் வேண்டும்.

முடியாத காரியம் அல்ல. கம்பளைக்கு அருகே ஓல்ட் பீகொக் தோட்டத்தில் பழைய லயம் ஒன்றையே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக ஆக்கியிருக்கிறார்கள். ஊவாவிலும் அப்படி ஒன்று வேண்டும். அதேநேரம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இன்றும் மழைக்கு ஒழுகும் லயத்தில் குடும்பங்கள் வாழ்கின்றன. அவர்களுக்கு உறுதியோடு காணியும் தனி வீடும் கிடைக்க வேண்டும். அதில் விட்டுக்கொடுப்பு இல்லை. ஆட்கள் புதுவீட்டுக்குப் போன பிறகு எல்லா லயத்தையும் இடித்துத் தள்ளாமல், தோட்டத்துக்கு ஒன்று இல்லாவிட்டாலும் மாவட்டத்துக்கு ஒன்றாவது வைத்துக் காப்போம். எட்டடி அகல அறையில் எத்தனை உயிர் வளர்ந்தது என்று பேரப்பிள்ளைகள் உள்ளே நின்று பார்க்கட்டும்.

மாணவர்களே, உங்களிடம் மூன்று வேலை ஒப்படைக்கிறேன். வீட்டுத் தகரப்பெட்டியில் இருக்கும் பழைய காகிதங்களை எரிக்கவோ எறியவோ விடாதீர்கள்: துண்டு, செக்ரோல் படி, பிரஜாவுரிமை விண்ணப்பம், இந்தியாவிலிருந்து வந்த கடிதம். கைத்தொலைபேசியில் ஒவ்வொன்றையும் படமெடுத்து, யாருடையது, எந்த டிவிஷன் என்று எழுதி, பாடசாலை நூலகத்தில் சேருங்கள். இரண்டாவது, உங்கள் தோட்டத்தில் நூறு வயது கடந்த கட்டடம் எது, கோயில் எது, கல்லறை எது என்று பெரியவர்களைக் கேட்டுப் பட்டியல் போடுங்கள். மூன்றாவது, அடுத்த சுற்றுலாவுக்கு நுவரெலியாவுக்கே போகாமல் ஆசிரியரிடம் மட்டக்களப்பைக் கேளுங்கள்.

ஆசிரியப் பெருமக்களே, அந்தப் பட்டியல் வந்ததும் அதைத் தொல்பொருள் திணைக்களத்துக்கு அனுப்பி வர்த்தமானி அறிவித்தல் கேட்கும் பொறுப்பை நீங்கள் ஏற்க வேண்டும். ஒப்பந்தத்தில் ஒரு வாசகம் விடுபட்டதால் ஒரு மன்னர் கரையை இழந்தார். சட்டத்தில் நம் காலம் விடுபட்டிருப்பதால் நாம் நம் சுவடுகளை இழக்கக்கூடாது. பதுளையில் இருந்துகொண்டே அந்த மனுவை எழுதலாம். இந்தத் தவணை முடிவதற்குள் எழுதலாம். எழுதுங்கள், நானும் ஒப்பமிடுகிறேன்.